முருகன் மேல் சத்தியம் வாங்கலாமா?



"முருகன் மேல சத்தியம் பண்ணச் சொல்லும்மா. அப்புறம் அதைத் தொடவே மாட்டான்."

கணவர் புகையிலை போடுறார்னு வீட்டுல தெரிஞ்சா, நிறைய பெண்களுக்கு முதல்ல கிடைக்கிற அறிவுரை இதுதான். எனக்கும் கிடைச்சது. சொன்னது என் மாமியார். அவங்க கெட்ட எண்ணத்துல சொல்லல. மகன் மேல பாசம், முருகன் மேல நம்பிக்கை, ரெண்டும் சேர்ந்து வந்த வார்த்தை அது. ஆனா நான் சத்தியம் வாங்கல. ஏன் வாங்கலன்னு இங்க எழுதுறேன். இதைப் படிக்கிற உங்கள்ல பலர் வீட்டுலயும் இதே கவலை இருக்கும்னு எனக்குத் தெரியும். கணவரா இருக்கலாம், அண்ணனா இருக்கலாம், அப்பாவா இருக்கலாம், ஏன், ஹாஸ்டல் ரூம்மேட்டா கூட இருக்கலாம்.

முதல்ல பயம் எதைப் பத்தின்னு தெளிவா சொல்லிடுறேன்.

ஹான்ஸ், கூல் லிப், குட்கா, பாட்டி காலத்துல வெத்தலையோட போட்ட புகையிலை... பேர் எதுவா இருந்தாலும் விஷயம் ஒண்ணுதான். "சிகரெட் இல்லையே, புகை இல்லையே, பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கூட தொந்தரவு இல்லையே"ன்னு ஒரு சமாதானம் எப்பவும் கூடவே வரும். புகை இல்லை, உண்மைதான். ஆனா புற்றுநோயை உண்டாக்குற நைட்ரோசமைன் மாதிரியான பொருட்கள் புகையிலைக்குள்ளயே இருக்கு. பத்த வைச்சாதான் வரும்னு இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வாயில போடுற புகையிலையை மனுஷனுக்குப் புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியான பொருட்களோட முதல் பட்டியல்ல வச்சிருக்கு. வெறும் பாக்கும் அதே பட்டியல்லதான் இருக்கு.

"சாமிக்கே வெத்தலை பாக்கு வைக்கிறோமே?"ன்னு கேப்பாங்க. வைக்கிறோம், தட்டுல. நாள் முழுக்க உதட்டுக்குள்ள ஒதுக்கி வைக்கிறது வேற. அந்தப் பொட்டலம் ஒரே இடத்துல மணிக்கணக்கா உக்காந்திருக்கும். கூட இருக்கிற சுண்ணாம்பு, காரம் எல்லாம் நிகோட்டினை அந்த மெல்லிய தோல் வழியா சீக்கிரம் ரத்தத்துக்கு அனுப்பும். பாதிப்பும் பெரும்பாலும் அதே இடத்துலதான் ஆரம்பிக்கும்.

2016-17-ல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்புல, 15 வயசுக்கு மேல இருக்கிறவங்கள்ல 21.4 சதவீதம் பேர் புகையில்லாப் புகையிலை எடுத்துக்கிறாங்கன்னு வந்தது. பீடி சிகரெட் பிடிக்கிறவங்க 10.7 சதவீதம்தான். அதாவது நம்ம நாட்டோட பெரிய புகையிலைப் பிரச்சினை புகையே இல்லாதது. 2022 கணக்குப்படி இந்தியாவுல ஒரு வருஷத்துக்கு 1.4 லட்சம் பேருக்கு மேல வாய்ப் புற்றுநோய் புதுசா வருது. ஆண்களுக்கு வர்ற புற்றுநோய்கள்ல முதல் இடம் இதுக்குத்தான்.

தமிழ்நாட்டுல குட்காவுக்கு 2013-ல் தடை வந்தது. ஆனாலும் எந்தக் கடையில கேட்டா எப்படிக் கிடைக்கும்னு பழக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும். அதனால அரசாங்கம் பார்த்துக்கும்னு விட்டுட முடியாது. இது வீட்டுக்குள்ள வந்து நிக்கிற கேள்வி.

சரி, சத்தியத்துக்கு வருவோம்.

சத்தியத்தால பழக்கத்தை விட்டவங்க இருக்காங்க. அதை நான் மறுக்கல. கோயில்ல கயிறு கட்டிக்கிட்டு குடியை விட்டவங்க உண்டு. மாலை போட்டு, பழனிக்கு நடந்து போய்ட்டு வந்து, அதோட சிகரெட்டை நிறுத்தினவங்க உண்டு. ஆனா நல்லா கவனிங்க. அவங்க எல்லாம் தானா போய் முருகன் முன்னாடி நின்னவங்க. "இனிமே தொட மாட்டேன்பா, எனக்குத் துணை இரு"ன்னு சொல்றது வேண்டுதல். அது அவருக்கும் முருகனுக்கும் நடுவுல நடக்குறது. நாம போய் "முருகன் மேல சத்தியம் பண்ணுங்க, இல்லன்னா எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்"னு சொல்றது வேற. அதுல முருகனை நாம ஒரு கருவியாத்தான் எடுத்துக்கிறோம். குழந்தை தலையில அடிச்சு சத்தியம் வாங்குறது இதை விடக் கொடுமை. ஒரு அப்பாவோட நாக்கு அரிப்புக்கும் குழந்தையோட ஆயுசுக்கும் முடிச்சுப் போட நமக்கு யார் உரிமை கொடுத்தா?

இதுல தர்மம் மட்டும் பிரச்சினை இல்ல. நடைமுறையில என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

நிகோட்டின் ஒரு அடிமைத்தனம். விட்டவங்கள்ல நிறைய பேர் முழுசா விடுறதுக்கு முன்னாடி பல தடவை முயற்சி பண்ணி, பல தடவை வழுக்கினவங்கதான். அப்போ சத்தியம் பண்ணினவர் 10 நாள் கழிச்சு ஒரு நைட் ஷிஃப்ட்ல ஒரு பொட்டலம் போட்டுட்டார்னு வைங்க. இப்போ அவர் புகையிலை போட்டவர் மட்டும் இல்ல, முருகனுக்குக் கொடுத்த வாக்கை மீறினவர். அதை மனைவிகிட்ட சொல்ல முடியுமா? சொல்ல மாட்டார். மறைப்பார். வாயை நல்லா கொப்பளிச்சுட்டு, ஏலக்காய் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வருவார். கோயிலுக்குக் கூப்பிட்டா "வேலை இருக்கு, நீ போயிட்டு வா"ம்பார். முருகனை நேருக்கு நேர் பார்க்கவே கூச்சப்படுவார். கொஞ்ச நாள்ல "எப்படியும் சத்தியத்தை மீறியாச்சு, இனி என்ன"ன்னு பழையபடி போட ஆரம்பிச்சிடுவார்.

கடைசியா, வாயில ஒரு புண் வந்து ஆறலைன்னா, அதையும் மறைப்பார்.

என் பயமே இந்தக் கடைசி வரிதான். வாய்ப் புற்றுநோய் உடம்போட உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற நோய் இல்ல. கண்ணாடி முன்னாடி நின்னு வாயைத் திறந்தா தெரியிற இடத்துல வர்ற நோய். திருவனந்தபுரம் மாவட்டத்துல 1996-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்குச்சு. பயிற்சி எடுத்த சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடா போய், பெரிய மெஷின் எதுவும் இல்லாம, வெறும் கண்ணால வாயைப் பார்த்தாங்க. சந்தேகம் இருந்தவங்களை டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. 2005-ல் லான்செட் இதழ்ல அதோட முடிவு வந்தது. புகையிலை, மது பழக்கம் இருந்தவங்க மத்தியில வாய்ப் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருந்தது. வாயைத் திறந்து காட்டினதாலயும், அதை ஒருத்தர் பார்த்ததாலயும் பிழைச்ச உயிர்கள் அவை.

அப்படின்னா காப்பாத்துறது எது? வாயைத் திறக்கிறது. சத்தியம் என்ன செய்யும்? வாயை மூட வைக்கும். ரெண்டு அர்த்தத்துலயும்.

நான் சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறேன். எங்க வேலையில ஒரு பாடம் உண்டு. சர்வர் விழுந்தா "யார் பண்ணது?"ன்னு முதல் கேள்வி கேட்கிற டீம்ல, அடுத்த தடவை யாரும் தப்பை வெளிய சொல்ல மாட்டாங்க. அலர்ட்டை ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருப்பாங்க. டாஷ்போர்டு பச்சையா இருக்கும், உள்ள எல்லாம் எரிஞ்சுக்கிட்டு இருக்கும். வீடும் அப்படித்தான். உண்மையைச் சொன்னா தண்டனைன்னு ஆயிட்டா, உண்மை வர்றது நின்னுடும். பழக்கம் நிக்காது.

"அப்போ கண்டுக்காம விடச் சொல்றியா? அவர் உடம்பு, அவர் இஷ்டம்னு இருக்கணுமா?" இது நியாயமான கேள்வி. இல்லைங்கிறதுதான் என் பதில். உடம்பு அவரோடதுதான். ஆனா நோய் அவரோட மட்டும் நிக்காது. ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காரப் போறது நான். தாடையில ஆபரேஷன் முடிஞ்சா குழாய் வழியா கஞ்சி ஊத்தப் போறது நான். அதனால என் பயத்தைச் சொல்ல எனக்கு முழு உரிமை இருக்கு. சொல்ற உரிமை மட்டும்தான். அவருக்குப் பதிலா முடிவெடுக்கிற அதிகாரம் எனக்குக் கிடையாது. அன்பு நிறைய இருக்கும்போது இந்த உரிமையும் அதிகாரமும் ஒண்ணு போலத் தெரியும். ஒண்ணு இல்ல.

இங்கதான் எனக்கு சுவாமிமலை ஞாபகம் வரும்.

கதை எல்லாருக்கும் தெரியும். பிரம்மாகிட்ட முருகன் பிரணவத்துக்குப் பொருள் கேட்டார். பிரம்மாவுக்குத் தெரியல. தலையில குட்டி, சிறையில போட்டார். என்ன ஆச்சு? படைப்புத் தொழிலே நின்னு போச்சு. அப்புறம் சிவபெருமான் வந்தார். "உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டார். அதே முருகன், அதே பிரணவம். ஆனா இந்தத் தடவை குட்டு இல்ல, சிறை இல்ல. அப்பாவோட காதுகிட்டப் போய் மெதுவா சொன்னார். அப்பாவும் சீடனா அடங்கிக் கேட்டார். அதனாலதான் அவர் அங்க சுவாமிநாதன், தகப்பன்சாமி.

நான் இதை இப்படிப் புரிஞ்சுக்கிறேன். உண்மையை ரெண்டு விதமா சொல்லலாம். தலையில குட்டியும் சொல்லலாம், காதுலயும் சொல்லலாம். குட்டினா எல்லாம் ஸ்தம்பிச்சு நிக்கும். காதுல சொன்னாதான் உள்ள போகும். சொந்தங்கள் முன்னாடி, மாமனார் மாமியார் முன்னாடி, வாட்ஸ்அப் ஃபேமிலி குரூப்ல புற்றுநோய்ப் படம் போட்டு சொல்றதெல்லாம் குட்டுதான். அந்தப் படத்தை அவர் தினமும் பாக்கெட் மேலயே பார்க்கிறார். அட்டையில 85 சதவீதம் அதுதான். படம் பத்தாம அவர் போடல.

எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். அவர் காலேஜ் ஹாஸ்டல்ல ஆரம்பிச்சவர். இப்போ ஃபேக்டரி வேலை, மாறி மாறி நைட் ஷிஃப்ட். போன கந்த சஷ்டிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து விரதம் இருந்தோம். 6 நாள் அவர் தொடவே இல்ல. சூரசம்ஹாரம் முடிஞ்சு, ஏழாம் நாள் திருக்கல்யாணத்தன்னைக்கு வேலைக்குப் போனார். ராத்திரி போன் பண்ணி, "இன்னைக்குப் போட்டுட்டேன். உங்கிட்ட மறைக்க வேணாம்னு தோணுச்சு"ன்னார்.

"முருகனுக்காக 6 நாள் விட முடியுது, எனக்காக விட முடியாதா?"ன்னு கேட்க எந்த மனைவிக்கும் தோணும். ஆனா அந்தக் கேள்வி தப்பான கணக்குல வருது. சஷ்டி 6 நாளும் அவர் லீவுல இருந்தார். நைட் ஷிஃப்ட் இல்ல, டீக்கடை இல்ல, பொட்டலத்தை நீட்டுற நண்பர் இல்ல. கோயில், பாராயணம், சீக்கிரம் தூக்கம். பழக்கத்தைத் தூண்டி விடுற எதுவுமே பக்கத்துல இல்ல. ஏழாம் நாள் எல்லாம் ஒரே நேரத்துல திரும்ப வந்தது. இதுல முருகன் மேல எவ்வளவு அன்பு, மனைவி மேல எவ்வளவு அன்புன்னு அளக்க ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணையும் பாருங்க. நிகோட்டினை விட்டா வர்ற எரிச்சல், தவிப்பு எல்லாம் முதல் 2, 3 நாள்லதான் உச்சத்துல இருக்கும். 6 நாள் இருந்தவர் அந்த மேட்டை ஏறி இறங்கிட்டார்னு அர்த்தம். சஷ்டி விரதம் வெறும் நடிப்பு இல்ல. "உன்னால முடியும்"ங்கிறதுக்கு முருகன் கொடுத்த சாட்சி அது. அதை வச்சு குத்திக் காட்டலாம், இல்ல தைரியம் சொல்லலாம். நம்ம கையிலதான் இருக்கு.

அன்னைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "சொன்னீங்களே, அதுவே போதும். நாளைக்கு வெளிச்சத்துல வாயைக் காட்டுங்க." மறுநாள் மொபைல் டார்ச் அடிச்சுப் பார்த்தோம். கீழ் உதட்டுக்குள்ள, வழக்கமா ஒதுக்குற இடத்துல, தோல் வெள்ளையா சுருங்கித் தடிச்சிருந்தது. அந்த வாரமே பல் டாக்டர்கிட்டப் போனோம். "நிறுத்தினா பல பேருக்கு இது மறையும். மறையலைன்னா சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்"னார். நிறுத்துற தேதியை அவரே குறிச்சார். ஒரு கிருத்திகை நாள். நான் சத்தியம் கேட்கல, அவரும் பண்ணல. இதை எழுதும்போது 41 நாள் ஆகுது. நடுவுல ரெண்டு தடவை போட்டார். ரெண்டையும் அவரே வந்து சொன்னார். அந்தத் திட்டு சின்னதாயிருக்கு, முழுசா போகல. அடுத்த வாரம் பயாப்சி.

பயமா இருக்கா? இருக்கு. ஆனா என்ன இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அது போதும்னு சொல்லல. தெரியாம இருக்கிறதை விட எவ்வளவோ மேல்.

உங்க வீட்டுக்கும் உதவும்னு சில விஷயங்கள்:

மாசம் ஒரு தடவை வாயைப் பாருங்க. கிருத்திகை, சஷ்டின்னு ஒரு நாளை வச்சுக்கிட்டா மறக்காது. உதட்டு உள்பக்கம், கன்னம், ஈறு, நாக்கோட ரெண்டு ஓரம், நாக்குக்கு அடியில. வெள்ளைத் திட்டு, முக்கியமா சிவப்புத் திட்டு, கட்டி, 2 வாரத்துக்கு மேல ஆறாத புண், காரம் பட்டா எரிச்சல், மூணு விரல் நுழையாத அளவுக்கு வாய் திறக்க முடியாம இருக்கிறது... இதுல எது இருந்தாலும் டாக்டர்தான். "தைப்பூசம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்"னு தள்ளாதீங்க. திருச்செந்தூர் இலை விபூதியைத் தாராளமா இட்டுக்கோங்க. அதோட ஓபி சீட்டும் போட்டுடுங்க.

அவருக்கு உதவி வேணும்னா புகையிலை பாக்கெட் மேலயே அச்சடிச்சிருக்கிற 1800-11-2356 நம்பருக்கு இலவசமா பேசலாம். நிகோட்டின் சூயிங் கம் மாதிரியான சிகிச்சை இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டு எடுத்துக்கலாம். மருந்து எடுத்தா பக்தி குறைஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல.

எல்லையும் வைங்க. நான் கடையில வாங்கித் தர மாட்டேன், அதுக்குக் காசு கொடுக்க மாட்டேன், குழந்தை முன்னாடி வேண்டாம். இதெல்லாம் மிரட்டல் இல்ல. நான் என்ன செய்வேன், என்ன செய்ய மாட்டேன்ங்கிறது மட்டும்தான்.

இதைப் படிக்கிற நீங்களே உதட்டுக்குள்ள ஒதுக்குறவரா இருந்தா, உங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. முருகன் முன்னாடி போய் நிக்கக் கூச்சப்படாதீங்க. விட்டுட்டுத்தான் வரணும்னு அவர் நிபந்தனை போட்டதில்ல. வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க. வாயைக் காட்டுங்க.

நான் இப்போ முருகன்கிட்ட வேண்டுறது "அவரை நிறுத்த வை"ன்னு மட்டும் இல்ல. அவர் பயமில்லாம சொல்லணும், நான் கோபமில்லாமக் கேட்கணும். அப்பாவோட காதுல அவ்வளவு பெரிய விஷயத்தை மெதுவா சொன்ன சாமிக்கு, இந்த வேண்டுதல் புரியும்னு நம்புறேன்.

வேலும் மயிலும் துணை.
ஓம் சரவணபவ.